ஸ்பிரிங் நீட்சிக் கணக்கு ஒத்துவரவில்லையா? விடையை வைத்தே பிழையைப் பிடிக்கலாம்

எடையைத் தொங்கவிட்டால் ஸ்பிரிங் எவ்வளவு நீளும் என்ற கணக்கில் இருப்பது ஒரே ஒரு வரிதான்: விசை = ஸ்பிரிங் மாறிலி × நீட்சி. (ஒரு மீட்டர் நீட்ட எத்தனை நியூட்டன் விசை வேண்டும் என்பதுதான் மாறிலி.) இவ்வளவு சின்ன வரியில் தப்பு எங்கிருந்து வரும் என்று தோன்றும், ஆனால் வருகிறது, அதுவும் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுத் தப்புகள்தான் வருகின்றன. ஒவ்வொரு தப்பும் விடையில் தன் தடத்தை விட்டுவிட்டுப் போகிறது என்பதால், கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் தப்பான விடையையே கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. சரியான விடையைவிட அது எத்தனை மடங்கு, எடை கூடும்போது எந்தப் பக்கம் நகர்கிறது, இந்த இரண்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கீழே பெரும்பாலும் ஒரே ஸ்பிரிங்கை வைத்துப் பேசுகிறேன். சும்மா தொங்கும்போது 12 செ.மீ. நீளம், மாறிலி மீட்டருக்கு 25 நியூட்டன், தன் எடையைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவுக்கு லேசானது. இதில் 200 கிராம் மாட்டினால் விசை 0.2 × 9.8 = 1.96 நியூட்டன் (9.8 என்பது புவியீர்ப்பு முடுக்கம்). நீட்சி 1.96 ÷ 25 = 0.0784 மீட்டர், அதாவது 7.84 செ.மீ. இந்த 7.84-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி திரும்பி வரும்.

விடை நம்பவே முடியாத அளவுக்குப் பெரிது, அல்லது மிகச் சிறிது

78.4 மீட்டர் என்று வந்தால் கிராமைக் கிலோகிராமாக மாற்றவில்லை, ஆயிரம் மடங்கு என்பது அதற்கே உரிய அடையாளம். 0.8 செ.மீ. என்று வந்தால் 9.8-ஆல் பெருக்க மறந்திருக்கிறீர்கள்: 0.2 கிலோகிராம் என்பது நிறை, ஸ்பிரிங்கை இழுப்பது எடை. நூறு மடங்கு வித்தியாசம் என்றால் செ.மீ., மீட்டர் குழப்பம். மாறிலி செ.மீ.க்கு இத்தனை நியூட்டன் என்று கொடுத்திருப்பார்கள், அதை மீட்டருக்கு என்று எடுத்துக்கொண்டிருப்போம் (மீட்டருக்கு 25 என்றால் செ.மீ.க்கு 0.25). இரண்டு சதவீதம் மட்டும் கூடுதல் என்றால் அது தப்பே இல்லை, 9.8-க்குப் பதில் 10 போட்டிருக்கிறீர்கள்.

வரைபடத்தின் சாய்விலிருந்து மாறிலி எடுத்தபோது 25-க்குப் பதில் 0.04 வந்ததா? எடையைப் படுக்கை அச்சிலும் நீட்சியைச் செங்குத்து அச்சிலும் போட்டிருக்கிறீர்கள். அதன் சாய்வு மாறிலியின் தலைகீழ், அவ்வளவுதான். வரைந்ததை அழிக்க வேண்டாம், 1-ஐ அந்தச் சாய்வால் வகுத்துவிடுங்கள்.

எடையைக் கூட்டக் கூட்ட மாறிலியும் ஏறுகிறது

இதுதான் நான் அதிகம் பார்த்தது. மாறிலி என்றாலே மாறாதது, அப்படியிருக்க ஒவ்வொரு எடைக்கும் ஒவ்வொரு மதிப்பு வந்தால் பலர் உடனே ஸ்பிரிங்கைக் குறை சொல்கிறார்கள். ஸ்பிரிங்கில் குறை இருக்கலாம்தான், ஆனால் மதிப்பு ஏறிக்கொண்டே போனால் முதலில் அளவெடுத்த விதத்தைச் சந்தேகப்படுங்கள்.

நம் ஸ்பிரிங்கில் 100, 200, 300 கிராம் மாட்டினால் அளவுகோலில் கிடைக்கும் நீளங்கள் 15.9, 19.8, 23.8 செ.மீ. இந்த நீளத்தை அப்படியே எடுத்து விசையை வகுத்தால் கிடைப்பது 6.2, 9.9, 12.4. ஏறுகிறது, இன்னும் எடை போட்டால் இன்னும் ஏறும். காரணம், வகுக்கும் எண்ணுக்குள் ஆரம்ப நீளமான 12 செ.மீ. ஒளிந்திருக்கிறது. அதைக் கழித்துவிட்டு 3.9, 7.8, 11.8 என்று எடுத்து வகுங்கள்: 25.1, 25.1, 24.9. ஒரே வரிசையில் வந்து நின்றுவிடும்.

ராபர்ட் ஹூக் இந்த விதியை 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராக வெளியிட்டு, 1678-இல்தான் அதை அவிழ்த்துச் சொன்னார். அவர் எழுதிய லத்தீன் வாக்கியம் ‘ஊட் டென்சியோ, சிக் விஸ்’: நீட்சி எப்படியோ விசையும் அப்படியே. நீளம் என்று அவர் சொல்லவில்லை, நீட்சி என்றுதான் சொன்னார்.

இதே ஏறுமுகம் இன்னொரு காரணத்தாலும் வரும், இது கொஞ்சம் மறைவானது. எடைகளை அடுக்குவதற்கான தாங்கி 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தாங்கி இல்லாமல் ஆரம்ப நீளத்தை எடுத்துவிட்டு, அப்புறம் தாங்கியை மாட்டி அதன் மேல் எடைகளைப் போட்டு, போட்ட எடையை மட்டும் எழுதினால் ஒவ்வொரு நீட்சியிலும் 1.96 செ.மீ. கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கும். மாறிலி 16.7, 20.0, 21.4 என்று ஏறும், 25-ஐ நெருங்கும், ஆனால் தொடவே தொடாது. தாங்கியோடு சேர்த்து ஆரம்ப நீளத்தை எடுங்கள், அல்லது தாங்கியின் நிறையையும் எடையில் சேருங்கள். இரண்டில் ஒன்று போதும், இரண்டையும் செய்தால் பிழை எதிர்ப் பக்கம் போய்விடும்.

எடையைக் கூட்டக் கூட்ட மாறிலி இறங்குகிறது

இப்போது ஸ்பிரிங்கைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சுற்றுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறதா, அல்லது ஒன்றோடொன்று ஒட்டிக் குழாய் மாதிரி இருக்கிறதா? ஒட்டியிருந்தால் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை இரண்டு சுற்றுகளுக்கு நடுவே நுழைக்கப் பாருங்கள். நுழையாது. இழுக்கும் வேலைக்கென்று செய்யப்படும் பல ஸ்பிரிங்குகளில், சுற்றும்போதே சுற்றுகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும்படி சுற்றிவிடுகிறார்கள். இதற்குத் தொடக்க இழுவிசை என்று பெயர். அந்த அழுத்தத்தை வெல்லும் வரை நீங்கள் மாட்டும் எடை கணிசமான நீட்சி எதையும் தராது.

தொடக்க இழுவிசை 0.6 நியூட்டன், மாறிலி அதே 25 என்று ஒரு ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்வோம். 50 கிராம் மாட்டினால் விசை 0.49, ஸ்பிரிங் அசையாது. 100 கிராமுக்கு மிச்சம் 0.38 நியூட்டன் மட்டும்தான் நீட்டுகிறது, அதனால் 1.52 செ.மீ. 200-க்கு 5.44, 300-க்கு 9.36. நேரடியாக வகுத்துப் பார்த்தால் மாறிலி 64, 36, 31 என்று சரியும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அடுத்தடுத்த நீட்சிகளைக் கழித்துப் பாருங்கள்: 5.44-இல் 1.52 போனால் 3.92, 9.36-இல் 5.44 போனால் அதே 3.92. ஒவ்வொரு 100 கிராமுக்கும் சமமாகத்தான் நீள்கிறது. 0.98-ஐ 0.0392-ஆல் வகுத்தால் 25 கிடைத்துவிடும்.

ஆகவே ஒற்றை அளவை வகுத்து மாறிலி எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். நான்கைந்து எடைகளுக்கு அளவெடுத்து, நீட்சியைப் படுக்கை அச்சிலும் விசையைச் செங்குத்து அச்சிலும் வைத்து, புள்ளிகளுக்கு நடுவே ஒரு நேர்கோடு போடுங்கள். சாய்வுதான் மாறிலி. கோடு விசை அச்சைப் பூஜ்ஜியத்துக்கு மேலே வெட்டினால் அந்த வெட்டுத்துண்டு தொடக்க இழுவிசை. கீழே வெட்டினால் தாங்கியின் எடையை மறந்திருக்கிறீர்கள், அல்லது நீளத்தையே நீட்சி என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பிழையாக இருந்தாலும் சாய்வு கெடாமல் இருப்பதுதான் இந்த முறையின் அழகு. ஆரம்பப் புள்ளி பற்றிய தப்பு முழுக்க வெட்டுத்துண்டுக்குள் போய் அடங்கிவிடும்.

இறங்குவதிலேயே வேறொரு வகையும் உண்டு. முதல் சில எடைகளுக்கு மாறிலி 25-இலேயே நிற்கிறது, அப்புறம் திடீரென்று சரிகிறது. வரைபடத்தில் கோடு ஓரிடத்தில் நீட்சி பக்கம் வளைந்துவிடும். அப்படியென்றால் மீட்சி எல்லையை, அதாவது விட்டதும் பழைய நீளத்துக்கே திரும்பும் வரம்பை, தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். எடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே திரும்பவும் அளவெடுங்கள்: கடைசியில் 12 செ.மீ.க்கு வராமல் 12.6-இல் நின்றால் கம்பி நிரந்தரமாக உருமாறிவிட்டது, இனி அந்த 12.6-தான் அதன் புது ஆரம்ப நீளம். வளைந்த பகுதியின் புள்ளிகளைச் சாய்வுக்கு எடுக்காதீர்கள். ரப்பர் பட்டையை வைத்துச் செய்தவர்களுக்கு வேறு பதில்: ரப்பர் தொடக்கத்திலிருந்தே நேர்கோட்டில் போவதில்லை, ஏற்றும்போது ஒரு பாதை இறக்கும்போது இன்னொரு பாதை என்று போகும். அதற்கு ஒற்றை மாறிலி தேடுவது வீண்.

விடை சரியாக இரண்டு மடங்கு

7.84-க்குப் பதில் 15.68 செ.மீ. வந்திருக்கிறதா? நீங்கள் ஆற்றல் வழியில் போயிருக்கிறீர்கள் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். எடை இறங்கியதால் குறைந்த நிலை ஆற்றலும் ஸ்பிரிங்கில் சேர்ந்த ஆற்றலும் சமம் என்று எழுதினீர்கள்: எடை × நீட்சி = பாதி × மாறிலி × நீட்சியின் வர்க்கம். ஒரு நீட்சியை இரண்டு பக்கமும் அடித்தால் நீட்சி = 2 × எடை ÷ மாறிலி. வரிக்கு வரி சரியாகவே தெரியும், ஆற்றல் அழியாது என்பதும் உண்மை, பிறகு ஏன் இரண்டு மடங்கு?

இந்த இடத்தில் நின்று யோசிப்பது மிகவும் பயனுள்ளது. ஸ்பிரிங் நீளாத நிலையில் எடையை மாட்டிவிட்டு, கையைச் சட்டென்று எடுத்துவிடுங்கள். எடை விழும், 7.84 செ.மீ.யைக் கடக்கும்போது அதன் வேகம் உச்சத்தில் இருக்கும், அதைத் தாண்டிப் போய் 15.68-இல் ஒரு கணம் நின்று மேலே திரும்பும். உங்கள் சமன்பாடு கண்டுபிடித்தது அந்தத் திரும்பும் இடத்தை. ஏனென்றால் இயக்க ஆற்றலை நீங்கள் எழுதவே இல்லை, இயக்க ஆற்றல் பூஜ்ஜியமாக இருப்பது மேல் முனையிலும் கீழ் முனையிலும் மட்டும்தான். எடை கடைசியில் அடங்கி நிற்கும் இடம் விசைகள் சமமாகும் இடம், அது 7.84.

எண்ணிலேயே பாருங்கள். 7.84 செ.மீ. இறங்கும்போது குறையும் நிலை ஆற்றல் 1.96 × 0.0784 = 0.154 ஜூல். ஸ்பிரிங்கில் சேர்வது 0.077 ஜூல், சரியாகப் பாதி. மீதிப் பாதி? கையால் தாங்கி மெதுவாக இறக்கியிருந்தால் அது உங்கள் கைக்குப் போயிருக்கும். விட்டிருந்தால் ஆட்டமாக இருந்து, காற்றிலும் கம்பியின் உட்பகுதியிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பமாகிக் கரைந்திருக்கும்.

எனவே கேள்வியில் ‘மெதுவாக இறக்கினால்’ என்றிருந்தால் 7.84, ‘திடீரென்று விட்டால் அதிகபட்சம்’ என்றிருந்தால் 15.68. நூல் ஒன்று தொய்வாக இருந்து, எடை 10 செ.மீ. விழுந்த பிறகே ஸ்பிரிங்கை இழுக்கத் தொடங்குகிறது என்றால் அதிகபட்ச நீட்சி 22.6 செ.மீ.க்குப் போகும். நிற்கும் எடையை வைத்து மட்டும் கணக்குப் போட்டு ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்தால் முதல் தடவை கை நழுவும்போதே மீட்சி எல்லை போய்விடும். தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.

இரண்டு மடங்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்பிரிங்கைப் படுக்கையாக வைத்து இரண்டு முனைகளிலும் கப்பி வழியே 200 கிராம் வீதம் தொங்கவிட்ட கணக்கில் பலர் 400 கிராம் என்று எடுத்துவிடுகிறார்கள். சுவரில் மாட்டிய ஸ்பிரிங்கையும் ஒரு பக்கம் எடை இழுக்கும்போது மறுபக்கம் சுவர் அதே விசையால் இழுத்துக்கொண்டுதானே இருக்கிறது. சுவருக்குப் பதில் இன்னொரு எடை வந்திருக்கிறது, வேறு மாற்றமில்லை. இழுவிசை 1.96 மட்டுமே.

இரண்டு ஸ்பிரிங் வந்ததும் விடை நான்கு மடங்கு தப்புகிறது

தொடர் இணைப்பையும் பக்க இணைப்பையும் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். நம் ஸ்பிரிங் இரண்டை ஒன்றின் கீழ் ஒன்றாக மாட்டினால் கூட்டு மாறிலி 12.5, நீட்சி 15.68. பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் 50, நீட்சி 3.92. இரண்டுக்கும் நடுவே நான்கு மடங்கு.

சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள், மின்தடைக்குப் படித்ததற்கு இது நேர்மாறாக இருப்பதால். மனப்பாடம் வேண்டாம், ஒரு கேள்வி போதும்: இரண்டும் ஒரே விசையைச் சுமக்கின்றனவா, அல்லது இரண்டும் ஒரே அளவு நீள்கின்றனவா? ஒரே விசை என்றால் நீட்சிகளைக் கூட்டுங்கள், ஒரே நீட்சி என்றால் விசைகளைக் கூட்டுங்கள். எடைக்கு மேலே ஒரு ஸ்பிரிங், கீழே தரையோடு கட்டிய இன்னொரு ஸ்பிரிங் என்று வரும் படம் கண்ணுக்குத் தொடர் இணைப்பு மாதிரியே இருக்கும். ஆனால் எடை 1 செ.மீ. இறங்கினால் மேலுள்ளது 1 செ.மீ. நீளும், கீழுள்ளது 1 செ.மீ. சுருங்கும், இரண்டும் சேர்ந்தே எடையை மேலே தள்ளும். மாறிலிகள் கூடும், அதாவது 50.

நடுவிலும் ஓர் எடை தொங்கினால் கூட்டு மாறிலியை மறந்துவிடுங்கள், அது இங்கே உதவாது. மேலே 25, கீழே 40 மாறிலியுள்ள ஸ்பிரிங். நடு இணைப்பில் 100 கிராம், அடியில் 200 கிராம். மேல் ஸ்பிரிங் 300 கிராமையும் தாங்குகிறது, 11.76 செ.மீ. நீளும். கீழ் ஸ்பிரிங் 200-ஐ மட்டும் தாங்கி 4.9 செ.மீ. நீளும். அடி எடை மொத்தம் 16.66 செ.மீ. இறங்கியிருக்கும். ஒவ்வொரு ஸ்பிரிங்கிடமும் போய் ‘உனக்குக் கீழே என்னவெல்லாம் தொங்குகிறது’ என்று கேட்பதுதான் முறை.

வெட்டிய ஸ்பிரிங் எதிர்பார்த்ததில் பாதிதான் நீள்கிறது

அது சரிதான், கணக்குத்தான் தப்பு. பாதியாக வெட்டினால் மாறிலி பாதியாகாது, இரட்டிக்கும். ஒவ்வொரு சுற்றும் ஒரே எடையைச் சுமந்து தன் பங்குக்கு நீள்கிறது, சுற்றுகள் பாதியானால் மொத்த நீட்சியும் பாதி. கம்பியின் அளவிலிருந்து மாறிலி கணக்கிடுகிறவர்கள் கவனிக்க: அது கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது, சுருளின் விட்டத்தோடு தலைகீழாக மூன்றாம் அடுக்கில் மாறுவது. கம்பி விட்டத்தில் 2 சதவீதம் பிசகினால் மாறிலியில் 8 சதவீதம் பிசகும், அதனால் சாதாரண அளவுகோலால் கம்பியை அளக்கவே கூடாது, திருகு அளவி வேண்டும். சுருளின் விட்டத்துக்கு வெளிவிட்டத்தை எடுக்காமல் கம்பியின் மையத்திலிருந்து மையம் வரை எடுங்கள்.

படுக்க வைத்து அளந்த நீளமும் தொங்கவிட்டு அளந்த நீளமும் ஒன்றாக இல்லை

ஸ்பிரிங் கனமானது, தன் எடையாலேயே நீள்கிறது. 60 கிராம் நிறை, மாறிலி 25 என்றால் தானாக 1.18 செ.மீ. நீளும். 60 கிராமைத் தனியாகத் தொங்கவிட்டால் நீள்வதில் இது பாதி: மேல் சுற்று தனக்குக் கீழே உள்ள அத்தனையையும் சுமக்கிறது, அடிச் சுற்று எதையும் சுமப்பதில்லை, சராசரியாகப் பாதி எடை. தொங்கும் நிலையிலேயே ஆரம்ப நீளத்தை எடுத்துவிட்டால் இந்தப் பிரச்சினை வராது.

ஆனால் ஆடவிட்டு நேரம் எடுத்து மாறிலி கண்டுபிடிக்கும்போது இதே கனம் வேறு விதமாகத் தொல்லை தரும், அங்கே ஸ்பிரிங்கின் நிறையில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்க்க வேண்டும். 200 கிராம் எடையோடு 20 கிராம் சேர்த்து 220. சேர்க்காவிட்டால் 25-க்குப் பதில் 22.7 வரும். நீட்சி முறையில் ஒன்று, அலைவு முறையில் 9 சதவீதம் குறைவாக இன்னொன்று என்று வந்து தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் முதலில் ஸ்பிரிங்கைத் தராசில் வையுங்கள்.

சின்னச் சின்ன வித்தியாசம்

ஓரிரு மில்லிமீட்டர் முன்னே பின்னே வந்தால் பெரும்பாலும் கண்தான் காரணம். முள்ளுக்கு மேலிருந்து பார்த்தால் ஓர் அளவு, கீழிருந்து பார்த்தால் இன்னோர் அளவு. அளவுகோலுக்குப் பின்னால் ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி, முள் தன் பிம்பத்தை மறைக்கும் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் படியுங்கள். எடை தண்ணீரில் மூழ்கியிருந்தால் தண்ணீர் அதை மேலே தள்ளும் மேலுந்து விசையைக் கழிக்க வேண்டும்: அடர்த்தி தண்ணீரைப்போல 7.8 மடங்குள்ள இரும்பு என்றால் 7.84 செ.மீ. என்பது 6.83 ஆகும்.

மேலும் கீழும் ஆடவிட்டால் கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டில் ஊசலாடுகிறது

இதை நேரில் பார்த்தால் விட மனம் வராது. நேராக இழுத்துத்தான் விட்டிருப்பீர்கள். பத்துப் பதினைந்து ஆட்டத்துக்குள் மேல்கீழ் அசைவு மெலிந்து, ஊசல் மாதிரி பக்கவாட்டில் வீசத் தொடங்கும், பிறகு அது அடங்கி மறுபடி மேல்கீழாக மாறும். உங்கள் கையில் தப்பில்லை. பக்கவாட்டு ஊசலின் அலைவு நேரம் மேல்கீழ் அலைவு நேரத்தைப்போல இரண்டு மடங்காக அமைந்துவிட்டால் ஆற்றல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்வரும். லேசான ஸ்பிரிங்குக்கு இது எப்போது நடக்கும் என்பதை நீட்சியிலிருந்தே சொல்லலாம்: தொங்கும் மொத்த நீளம் நீட்சியைப்போல நான்கு மடங்காக இருக்கும்போது.

நம் ஸ்பிரிங்கில் 100 கிராமுக்கு நீட்சி 3.92, நான்கு மடங்கு 15.68, மொத்த நீளம் 15.92. கிட்டத்தட்ட அதே! 100 கிராமுக்கு எடுத்த நேரம் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வந்து, 200 கிராமுக்கு ஒழுங்காக வந்தால் காரணம் இதுதான். 100 கிராமிலேயே அளக்க வேண்டும் என்றால் ஸ்பிரிங்குக்கும் எடைக்கும் நடுவே 10 செ.மீ. நூல் ஒன்றைக் கட்டிவிடுங்கள். நீட்சி மாறாது, ஊசலின் நீளம் மட்டும் மாறும், எடை நேராக மேலும் கீழும் போகும்.